தொப்பி போடாத எலும்பு

கார்செட்டின் பின்பக்கத்து நாடாவை அவள் ஒவ்வொரு கண்ணாக உருவிக்கொண்டிருந்தாள். இறந்துபோன கணவரை ஒருக்களித்துப் பிடித்திருந்த அண்ணிக்கு, அவருடைய அக்காவுக்கு, மூச்சு வாங்கியது. தகனக் கூடத்தில் இரும்பு எதுவும் கூடாதென்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். முதுகுவலிக்காக அவர் போட்டிருந்த கார்செட்டிலோ, அந்த இறுக்கு கச்சையில், பாதிக்கு மேல் இரும்புதான்.

ஊரில் பாதிக் கல்யாணப் பெண்கள் அவள் கடையில் தைத்த கார்செட்டால் இடுப்பு வாங்கியவர்கள். இரண்டு அடுக்கு முரட்டுத் துணி, அதில் வரிசையாகத் தைத்த குழல்கள், குழலுக்குள் எஃகுப் பட்டை. கடையில் அதற்கு எலும்பு என்று பெயர். முதுகுக்குத் தட்டை எலும்பு, விலாவுக்கு வளைந்துகொடுக்கும் சுருள் எலும்பு. வெட்டின முனைக்கெல்லாம் உலோகத் தொப்பி போட்டாக வேண்டும், இல்லாவிட்டால் துணியைக் கிழித்துக்கொண்டு சதைக்கு வந்துவிடும். எதையும் கொடுத்தனுப்புமுன் உள்ளே கைவிட்டு ஒவ்வொரு முனையையும் தடவிப் பார்ப்பது அவள் வழக்கம்.

பேருந்து ஓட்டி ஓட்டி முதுகு போன கணவருக்கும் அவள்தான் தைத்தாள். அந்த வாரம் ஒரு கல்யாண உடுப்பு, தலைக்கு மேல் வேலை. இருந்த தொப்பிகள் மணப்பெண்ணுக்குப் போயின. வீட்டு மனுஷன்தானே, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இவருடைய முனைகளில் ஒட்டு நாடாவைச் சுற்றி உள்ளே தள்ளினாள். தடவியும் பார்க்கவில்லை. அந்த அப்புறம் வரவேயில்லை.

போட்ட மறுநாளே அவர் சொன்னார். "இடது பக்கம் லேசா குத்துதும்மா."

"புதுசுன்னா அப்படித்தாங்க இருக்கும். போடப் போடப் பழகிடும்."

கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் சொல்கிற பதில். அதன்பிறகு அவர் வாயே திறக்கவில்லை. பழகிவிட்டது என்றுதான் அவள் நினைத்தாள்.

கார்செட் கழன்றது. இடது விலாவுக்குக் கீழே காசளவுக்குக் கறுத்துக் காய்த்திருந்தது. துணியைப் புரட்டினால், அதே இடத்தில் அவருடைய கைக்குட்டையை நாலாக மடித்துத் தைத்திருந்தது. கோணிப்பைக்குப் போடுகிற தையல். அவள் கடைக்குப் போன நேரம் பார்த்துத் தைத்திருக்கிறார், ஒரு தையல்காரியைக் கட்டிக்கொண்ட மனுஷன்.

"அவன் அப்படித்தாம்மா. சின்ன வயசுலயே செருப்பு கடிச்சாக்கூட சொல்லமாட்டான்," என்றாள் அண்ணி, ஆறுதலாக.

"சொன்னார் அண்ணி. எங்கிட்ட சொன்னார்."

அண்ணி அவருக்குப் போட வைத்திருந்த சட்டையை எடுத்து உதறினாள்.

"சட்டை இருக்கட்டும் அண்ணி, இரும்ப எடுத்துட்டு முதல்ல இதப் போட்டுவிடலாம். இது இல்லாம அவர் வாசலுக்குக்கூடப் போனதில்ல."

குழல்களின் வாயைப் பிரித்து எலும்புகளை ஒவ்வொன்றாக உருவித் தரையில் வைத்தாள். கைக்குட்டையை மட்டும் பிரிக்கவில்லை. வண்டி வந்துவிட்டதென்று வெளியிலிருந்து குரல் வந்தது. அண்ணி எழுந்து போய், கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு வந்தாள்.

எலும்பில்லாத கார்செட் மடியில் துவண்டு கிடந்தது. அவள் உள்ளே கையை விட்டு, ஒரு முனை விடாமல் தடவிப் பார்த்துக்கொண்டே போனாள்.