வாழைமரத்துக்குப் பின்னால் போன தாய்மாமன்

தேர்வாய் கண்டிகை கம்பெனியில் வேலை பார்க்கும் ரம்யாவுக்கு உடன்பிறந்தவர்கள் இரண்டு பேர். மூத்தவன் சடையப்பன், எளாவூரில் லாரி டயருக்கு பஞ்சர் ஒட்டுகிறவன். டயரில் காற்றை அளவாக அடைப்பவன், ரோஷத்தை மட்டும் அளவுக்கு மீறி அடைத்து வைத்திருப்பான். இளையவன் ரகு. ரம்யாவின் குழந்தைக்குக் காது குத்துவதென்றால் மூத்த தாய்மாமன் மடியில்தான். அதில் இரண்டாம் பேச்சில்லை.

அச்சடித்தோம், மஞ்சள் தடவினோம் என்றில்லாமல், ரம்யாவின் புருஷன் ஜெகன் காதுகுத்துப் பத்திரிகையைப் போனிலேயே செய்தான். லிங்கைத் தொட்டால் நாதஸ்வரத்தோடு திறக்கும். எழுத்தெல்லாம் ஷேர் ஆட்டோ மாதிரி நெருக்கியடிக்கிறதே என்று, திரையில் இடைவெளி கூட்டும் கோட்டை விரலால் இழுத்தான். அவன் போனில் அது லேசாகத்தான் அசைந்தது. போதாதென்று கடைசிவரை இழுத்து, சொந்தபந்தம், தெரு எல்லாருக்கும் அனுப்பிவிட்டான். கெட்டிக்காரன் என்று அவனே சொல்லிக்கொள்வான்.

சடையப்பனுடையது வேறு ரகப் போன். அதில் எழுத்துகள் பங்காளிச் சண்டை போட்டதுபோல் தள்ளித் தள்ளி நின்றன. 'தாய்மாமன்' இருந்தது. 'சடையப்பன்' வரியில் அடங்காமல் ஓரத்து வாழைமரப் படத்துக்குப் பின்னால் போய்விட்டது. அடுத்த வரியில் ரகு சௌக்கியமாக இருந்தான்.

அண்ணன் கோபித்துக்கொண்டான் என்று கேள்விப்பட்டதும், வெற்றிலை பாக்குத் தட்டோடு ரம்யா எளாவூருக்கு ஓடினாள்.

"இதோ பாருண்ணா, என் போன்ல உன் பேரு முழுசா கீது."

"கீதும்மா. என்னுதுல நான் இன்னா, செத்தா பூட்டேன்?"

"எழுத்துக்கு நடுவுல வர கேப்பு போனுக்குப் போன் மாறுதாம்ணா."

"ரகு மட்டும் மாறாம கீறான்?"

"அது சின்னப் பேருண்ணா."

"சரி, ஊர்ல எத்தினி பேரு போன்ல நான் இல்ல? அதச் சொல்லு."

ரம்யா தட்டைத் திண்டில் வைத்துவிட்டு வந்தாள். எந்தப் போனிலும் எழுத்து நகராதபடி ஜெகன் பத்திரிகையைப் படமாக்கி மறுபடி அனுப்பினான். தெரு சும்மா இருக்குமா? முதலில் வந்ததையும் பிறகு வந்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. "மொதல்ல வேணாம்னு எடுத்துட்டு, அப்பால சேத்துக்கினீங்களாடி?" என்று எதிர்வீட்டுக் குப்பம்மாள் குழாயடியிலேயே கேட்டாள். ரம்யா விளக்க விளக்க, அது பொய் மாதிரியே அவள் காதுக்கே கேட்டது. தெருவின் இந்தப் பேச்சு எளாவூருக்கும் போய்ச் சேர்ந்தது.

காதுகுத்தன்று சடையப்பன் வந்தான். சீர்த்தட்டு இல்லாமல், கடைசி வரிசையில், விருந்தாளி மாதிரி. ரம்யா போய்க் கையைப் பிடித்தாள்.

"வந்து உக்காருண்ணா."

"பேரு போட்டவனக் கூப்புடும்மா. நான் சாப்ட வந்தவன்."

ரகுவைக் கூப்பிட்டார்கள். "பெரியவன் உக்காந்துகினு இருக்க சொல்ல நான் எப்டி மடி குடுக்கறது?" என்று அவன் நாற்காலியை விட்டு எழவே இல்லை.

ஆசாரி ஊசியைத் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். மணையில் ஆளில்லை. மொட்டையில் சந்தனம் காய்ந்துகொண்டிருந்த குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, இந்த அண்ணனையும் அந்தத் தம்பியையும் மாறி மாறிப் பார்த்தபடி நின்றாள் ரம்யா.