கிறிஸ்துராஜ் கதவைத் தட்டும் விதம்

கல்லூரி ஆய்வகக் கதவின் பூட்டு எப்போதும் மக்கர் பண்ணும். திண்டுக்கல்லில் இருந்துகொண்டு நல்ல பூட்டு ஒன்றுக்கு வழியில்லையா என்று கேட்டால் கிறிஸ்துராஜ் சிரிப்பாரே ஒழிய மாற்றமாட்டார். அதனால் ஐரின் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டுதான் வேலை பார்ப்பாள். அவர் தாடிக்கொம்பு ரோட்டுக் கடையில் ஃபிளாஸ்க் நிறைய டீ வாங்கிவந்து தட்டுவார். அடுத்தடுத்து இரண்டு, கொஞ்சம் விட்டு ஒன்று. கணவன் மனைவி இரண்டு பேருமே அங்கே இயற்பியல் பேராசிரியர்கள்.

மூளையின் நரம்பணு செய்வதை மின்சில்லு செய்யுமா என்பதுதான் அவர்களுடைய ஆராய்ச்சி. ஒரே மாதிரி மின்துடிப்பு திரும்பத் திரும்ப வந்தால் அதைத் தனக்குள் பதித்துக்கொள்ளும் சில்லுகளை ஒரு பலகையில் கோத்து, கதவில் மைக் ஒன்றை ஒட்டினார்கள். பழக்குவதற்குத் தன் தட்டலையே கொடுத்தார் கிறிஸ்துராஜ். ஒரு வாரம் தட்டினார். விரல் முட்டியெல்லாம் வீங்கிய பிறகு, அந்தத் தாளத்துக்கு மட்டும் பச்சை விளக்கு எரிய ஆரம்பித்தது. அன்றைக்கு அந்த மனிதர் போட்ட ஆட்டத்தை நினைத்தால் ஐரினுக்கு இன்றும் சிரிப்பு வரும், கூடவே அழுகையும்.

அப்புறம் தினமும் சண்டைதான்.

"அழிச்சுட்டு வேற பழக்குனாலும் பழசு அடியில கொஞ்சம் கிடக்கும் ஐரினு. மூளையும் அப்படித்தான" என்பார்.

"அழிச்சா அழிஞ்சதுதாங்க. அது என்ன மனுசனா?" என்பாள்.

சோதித்துப் பார்த்துவிடலாம் என்று அவர் நச்சரிப்பார். அப்புறம் பார்க்கலாம் என்று இவள் தள்ளிப்போடுவாள். போன தை மாதம் மாரடைப்பில் அவர் போய்விட்டார்.

இப்போது நிதி கொடுக்கும் குழு வருகிறது. பலகை புதிதாக ஒன்றைப் பழகுவதைக் கண்ணெதிரே காட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஆய்வகத்தை மூடிவிடுவார்கள். மற்ற பலகைகளெல்லாம் ஐப்பசி மழை ஈரத்தில் பாழாய்ப்போயின. மிஞ்சியது இந்த ஒன்று.

"அக்கா, சார் தட்டுன தாளம் அதுல இருக்கு. வேணாம்னா சொல்லுங்க, ரூமு போனாப் போகட்டும்" என்றாள் கூட வேலை பார்க்கும் புவனேஸ்வரி.

அவர் போன பிறகும் சாயங்காலம் ஒருமுறை அதே மாதிரி தட்டி, விளக்கு எரிவதைப் பார்த்துவிட்டுத்தான் ஐரின் வீட்டுக்குக் கிளம்புவாள் என்பது புவனேஸ்வரிக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் கேட்டிருக்கவே மாட்டாள்.

"அழிச்சிரு புவனா. ரூமும் அவர் உண்டாக்குனதுதான்."

குழு வந்தது. பழையதை அழித்த பலகைக்கு, கணினி வழியாக வேறொரு தாளத்தை ஆயிரக்கணக்கான துடிப்புகளாகக் கொடுத்தாள் புவனேஸ்வரி. விளக்கு எரிந்தது. வந்தவர்கள் பாராட்டினார்கள், காபி குடித்தார்கள், போனார்கள்.

எல்லோரும் கிளம்பிய பிறகு ஐரின் கதவின் உள்பக்கம் நின்று தட்டினாள். அடுத்தடுத்து இரண்டு, கொஞ்சம் விட்டு ஒன்று. விளக்கு எரியவில்லை. மறுபடி தட்டினாள். இல்லை. அவரை இரண்டாம் முறை அடக்கம் செய்துவிட்டு வந்த மாதிரி இருந்தது. பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். ஆனாலும் மனசு கேட்கவில்லை, இன்னொரு தடவை தட்டினாள்.

விளக்கு லேசாக மினுக்கியது.

பையைக் கீழே போட்டுவிட்டு மறுபடி தட்டினாள். பச்சை விளக்கு பளிச்சென்று எரிந்தது.

ஒரு வாரம் தட்டிப் பழக்கியது நாலே தடவை தட்டியதில் திரும்பி வந்துவிட்டது. அடியில் ஏதோ கிடந்திருக்கிறது. பத்துத் தடவையாவது சோதிக்காமல் இதை முடிவென்று எழுதக்கூடாது என்று ஐரினுக்குத் தெரியும். அதெல்லாம் நாளைக்கு. கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு வாய்விட்டே சொன்னாள்.

"சரிங்க. நீங்க சொன்னதுதான் சரி."

கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயால் அவர் கேட்க ஆசைப்பட்டது அதைத்தான்.