முத்திரை மேலே

மேசைமேல் இருந்த படத்தில் அத்தையின் இடது தோளில் நான்கு விரல்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. வேறு யாருடைய கையோ, விரல்களை மட்டும் விட்டு நறுக்கப்பட்டிருந்தது. இரங்கல் கூட்டத்துக்காகக் கூடத்தில் இருந்த எழுபது எண்பது பேரில் யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. இளைய மருமகளுக்கு மட்டும் பார்த்த நொடியிலேயே பற்றிக்கொண்டு வந்தது. அந்த விரல்களுக்குச் சொந்தக்காரி கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

ஆஸ்பத்திரி லாண்டரி வாசலில் ஒன்பது பேர் நின்று எடுத்துக்கொண்ட படம் அது. எட்டுப் பேரை வெட்டித் தள்ளிவிட்டு அத்தையின் முகத்தை மட்டும் பெரிதாக்கிக் கொண்டுவந்திருந்தார் ஹெட்மாஸ்டர். மூத்த மகன்தான். ஓய்வு பெற்றுப் பத்து வருடமாகியும் வீட்டில்கூட எல்லோருக்கும் அவர் ஹெட்மாஸ்டர். தொண்ணூற்றொரு வயதில் போய்ச்சேர்ந்த அம்மாவைப் பற்றி முக்கால் மணி நேரமாக மைக்கை விடாமல் பேசிக்கொண்டிருந்தார். வாசற்படி தாண்டாதவராம். அதிர்ந்து ஒரு சொல் பேசாதவராம்.

யார், அத்தையா? மெஷின் போடும் சத்தத்துக்கு மேலே கத்தி நாற்பது பெண்களை வேலை வாங்கியவள். அவள் ஒரு அதட்டல் போட்டால் மூன்றாம் மாடியில் நோயாளி புரண்டு படுப்பான் என்று துணி வண்டி தள்ளுகிறவர்கள் கேலி செய்வார்கள். புருஷன் போனபோது அவளுக்கு இருபத்தாறு வயது. இடுப்பில் ஒரு பிள்ளை, கையில் ஒரு பிள்ளை. அன்றிலிருந்து முப்பத்தெட்டு வருடம் ரத்தமும் சீழுமாக வந்த துணியைத் துவைத்து, ஆவியில் வெந்து, போர்வை போர்வையாக மடித்தாள். எந்த வார்டில் யார் தேறுவார்கள் என்பது டாக்டருக்கு முன்னால் அவளுக்குத் தெரியும். எதிரும் புதிருமாக இரண்டு பேர் நின்று மடிக்க வேண்டும்; கடைசி மடிப்பில் ஆஸ்பத்திரி முத்திரை மேலே வந்தாக வேண்டும். தப்பினால் முழுதும் பிரித்து மறுபடி. இவள் லாண்டரியில் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் மாதமே தன் இளைய மகனுக்குக் கேட்டவளும் அவள்தான். கையைப் பார்த்துப் பெண் எடுத்தேன், மூஞ்சியைப் பார்த்தா எடுத்தேன் என்று கடைசிவரை சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

லாண்டரியிலிருந்து ஒருவராவது பேச வேண்டும் என்று போன வாரமே இவள் ஹெட்மாஸ்டரிடம் கேட்டிருந்தாள். சரி என்றார். அதை நம்பி மூன்று பேரை வரச் சொல்லியிருந்தாள். இரண்டு பஸ் மாறி வந்திருந்தார்கள். விரல்காரி பேச வேண்டியதைத் தாளில் எழுதிக் கையிலேயே வைத்திருந்தாள். வங்கி மேனேஜர் பேசினார், பக்கத்து வீட்டு வக்கீல் பேசினார், அத்தையை இரண்டே தடவை பார்த்த சம்பந்தி பேசினார். பிறகு ஹெட்மாஸ்டர் நன்றி சொல்லி மைக்கை அணைத்துவிட்டார்.

இவள் நேரே போய் அவர் முன்னால் நின்றாள்.

"அத்தான், அவங்களைக் கூப்பிடறேன்னு சொன்னீங்களே."

"நாலு மணிக்கு ஹாலை விடணும்மா." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அதுவும் இல்லாம, ஊர் அழுக்கை அலசினதை எல்லாம் சபையில சொல்லணுமா? அம்மாவுக்குத்தானே கேவலம்."

"அத்தைக்கா, உங்களுக்கா?"

ஹெட்மாஸ்டர் நாற்காலிகளை அடுக்கச் சொல்லி யாரையோ விரட்டப் போய்விட்டார். அவள் தன் புருஷனைப் பார்த்தாள். அவன் செருப்பைத் தேடுகிறவன்போலக் குனிந்துகொண்டான். இந்த இரண்டு பேரையும் ஆளாக்கத்தானா அந்தக் கிழவி கை வெந்தாள்? அந்த ஹெட்மாஸ்டர் பேச்சை நம்பின தன்மேலும் ஆத்திரமாக வந்தது.

விரல்காரி மெல்ல மேசையருகே வந்து படத்தை உற்றுப் பார்த்தாள்.

"என் கையை மட்டும் விட்டு வெச்சிருக்காங்களே," என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பைத்தான் இவளால் தாங்க முடியவில்லை. படத்தை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டு, மேசைமேல் விரித்திருந்த, கூடத்துக்குச் சொந்தமான நீளமான வெள்ளை விரிப்பை வெடுக்கென்று இழுத்தாள். சுருட்டி எறிந்துவிட்டுப் போகிற ஆவேசம். மறுமுனை தரையில் விழப்போன நேரத்தில், அந்தப் பக்கமாக வந்த ஹெட்மாஸ்டர் அதை எட்டிப் பிடித்தார். தலையைத் திருப்பி நாற்காலிக்காரனிடம் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார்.

அவள் இரண்டடி பின்னால் போய் விரிப்பை ஓர் உதறு உதறினாள். மறுமுனையிலிருந்து அதே வேகத்தில் பதில் உதறல் வந்தது. நீளவாக்கில் ஒரு மடிப்பு. கட்டைவிரலை உள்ளே கொடுத்து இன்னொன்று. மூன்று எட்டு வைத்து எதிரே வந்து தன் முனையை அவள் கையில் சேர்த்தார். குனிந்து, தொங்கிய மடிப்பைப் பிடித்துத் தூக்கினார். சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டதும் அழுக்கு மூட்டைமேல் பையைப் போட்டுவிட்டு அம்மாவுக்கு எதிரே நின்று மடித்த கை. எதையும் மறந்திருக்கவில்லை. விரிப்பின் மூலையில் நீல மையில் கூடத்தின் பெயர் இருந்தது. மணிக்கட்டைத் திருப்பி அதை மேலே கொண்டுவந்தார்.

அப்போதுதான் குனிந்து தன் கைகளைப் பார்த்தார். லாண்டரிக்காரிகள் மூவரும் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவள் தன் பக்கத்தை விட்டுவிட்டாள். நீல முத்திரை மேலே தெரிய, அந்த வெள்ளைத் துணியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு அவர் அங்கேயே நின்றார்.