கொலைகாரி வேஷம்

அக்கா கதாநாயகி. தங்கை அதே ஸ்டுடியோவில் தலை அலங்காரம் செய்பவள். இருவரும் இரட்டையர், முகம் அச்சு அசல் ஒன்றுதான். ஆனால் தங்கைக்கு நடிப்பு மட்டும் சுட்டுப்போட்டாலும் வராது. கூட்டத்தோடு கூட்டமாக நிற்கச் சொன்னதற்கே வெலவெலத்துப் போனவள் அவள்.

எடுத்துக்கொண்டிருந்த படமும் இரட்டையர் கதைதான். ஒருத்தி கொலைகாரி, ஒருத்தி அப்பாவி. மனநல மருத்துவர் இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்து, பேச்சுக் கொடுத்தே கொலைகாரியைக் கண்டுபிடிக்கிறார். இரண்டு வேஷமும் அக்காவுக்கு.

"ஒரே ஆளுதான்னு பளிச்சுனு தெரிஞ்சா, கதையை மாத்திக் கொலைகாரியை வேற நடிகைக்குக் கொடுத்துடுவேன்" என்று ஸ்டுடியோ முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார்.

கேமராமேன் லென்ஸில் பாதியை மறைத்துக்கொள்ள, அக்கா அப்பாவியாக நடித்தாள். அதே ஃபிலிமை அவர் திரும்பச் சுற்றி மறுபாதியை மறைத்ததும், அவள் காலி நாற்காலியைப் பார்த்துக் கொலைகாரியாக நடித்தாள். அப்பாவியின் வசனத்தைக் கேமராவுக்குப் பின்னாலிருந்து தங்கை படித்தாள். தாளை விட்டுக் கண்ணை எடுக்கவே அவளுக்குப் பயம்.

திரையில் போட்டுப் பார்த்த அன்று, காட்சி முடிந்ததும் முதலாளி தங்கைமேல் பாய்ந்தார்.

"என்னையே ஏமாத்துறீங்களா? கொலைகாரியா உக்காந்தது நீதானே?"

"ஐயா, ஒரே ஃபிலிம்ல ரெண்டு தடவை எடுத்தேன். இவங்க என் பக்கத்துலதான் நின்னாங்க" என்றார் கேமராமேன்.

"சும்மா கதை விடாதய்யா! தலையைச் சாய்ச்சு, கொண்டை ஊசியைப் பல்லுல கடிச்சுக்கிட்டே பேசறா. அது இவதான், தினம் பாக்கறேனே!"

தங்கை வாயிலிருந்த கொண்டை ஊசியை எடுத்தாள். அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை.

"நானா இருந்தா ஒரு வார்த்தை வந்திருக்குமா முதலாளி? அது எங்க அக்கா!"

முதலாளி திரையையும் தங்கையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "ரெண்டும் உனக்குத்தாம்மா" என்று அக்காவைக் கும்பிட்டார்.

வெளியே வந்ததும் தங்கை அக்காவின் கையைக் கிள்ளினாள். "ஏன்டி, கொலைகாரிக்கு நான்தான் கிடைச்சேனா?"

"அந்தக் காலி நாற்காலியைப் பார்த்துத் தனியா நடிக்கப் பயமா இருந்துச்சுடி. நீ கூட இருந்தா நல்லாருக்கும்னு தோணுச்சு."

தங்கையின் கண் நிறைந்துவிட்டது. படம் வந்த பிறகு யார் கேட்டாலும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வாள்: "கொலைகாரியா? அது எங்க அக்கா நடிச்ச நான்!"