பீரோ இறங்குகிற வழி

மாரிசெல்வி சந்துக்குள் நுழைந்தால் கேரம் போர்டில் காய்கூட அசையாது. அவளிடம் டியூஷன் படிக்கிற பிள்ளைகள் எங்கே இருந்தாலும் சட்டென்று எழுந்து நின்று, ஒரே குரலில் "குட் மார்னிங் மிஸ்" என்பார்கள். சாயங்காலமானாலும் குட் மார்னிங்தான். அதைத் திருத்திப் பார்த்து அவளே அலுத்துப்போய் விட்டுவிட்டாள்.

கணக்கு நோட்டின் ஓரத்தில் எவனாவது ரோபோ வரைந்திருந்தால் தொலைந்தான். சிவப்புப் பேனாவால் அதைச் சுற்றி ஒரு வட்டம், பக்கத்தில் "இது கணக்கா?" என்று ஒரு கேள்வி, வீட்டுக்குப் போய் வாய்ப்பாடு எழுதிவர ஒரு தண்டனை. தாராவியில் அந்தச் சந்தின் பெற்றோர்கள் அவளிடம் பிள்ளைகளை அனுப்புவதே இந்தக் கண்டிப்புக்காகத்தான்.

அப்பேர்ப்பட்ட மிஸ், அதே பிள்ளைகள் உட்கார்ந்து வாய்ப்பாடு சொல்கிற அறைக்கு நேர் மேலே, தனக்கென்று ஒரு விண்வெளிக் கவசம் செய்துகொண்டிருந்தாள். மழைக்காலம் தொடங்கியபோது ஆரம்பித்த வேலை. சந்தில் ஒரு ஈ காக்கைக்கும் தெரியாது.

பாந்த்ராவில் வருடா வருடம் ஒரு விழா நடக்கும். காமிக்ஸ், விண்வெளிக் கதை என்று கிறுக்குப் பிடித்தவர்களெல்லாம் கூடுவார்கள். தாங்களே செய்த வேஷத்தைப் போட்டுக்கொண்டு மேடையில் நடப்பார்கள். மாரிசெல்வி மூன்று வருடம் டிக்கெட் வாங்கிக் கூட்டத்தில் நின்று பார்த்தாள். மூன்று வருடமும் வீட்டுக்கு வந்து சோறு இறங்கவில்லை. ஒரே ஒரு தடவை அந்த மேடையில் தானும் நடக்க வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு.

என்ன வேஷம் போடுவது என்று அவள் அதிகம் யோசிக்கவில்லை. செவ்வாய் கிரகத்தில் தண்ணீர்க் குழாய்க்குக் காவல் நிற்கிற வீராங்கனை. விடியுமுன் எழுந்து குடத்தோடு வரிசையில் நின்று வளர்ந்தவளுக்கு, எந்தக் கிரகத்துக்குப் போனாலும் தண்ணீர்க் குழாய்தான் முதலில் ஞாபகம் வரும்.

கூட்டாளி ருக்சானா. பள்ளிக்கூடத்திலிருந்து சிநேகிதி, இப்போது இரண்டு சந்து தள்ளி ஒரு பை பட்டறையில் தையல் வேலை. செருப்புக்கு அடி வெட்டுகிற ஃபோம் ஷீட்டை அவள்தான் வாங்கி வந்தாள். ஒட்டுகிற சொல்யூஷனும் அவள் கொண்டுவந்ததுதான். முதல் வேலையாக மாரிசெல்வியைப் பழைய சுடிதாரில் நிற்க வைத்து, பார்சல் சுற்றுகிற பிளாஸ்டிக் தாளைக் கழுத்திலிருந்து இடுப்பு வரை சுற்றினாள். அதன்மேல் பிரௌன் டேப்பை வரிவரியாக ஒட்டினாள். பேனாவால் கோடு போட்டு, கத்தரியால் நறுக்கி எடுத்ததும் மாரிசெல்வியின் உடம்பே தோலுரித்த மாதிரி துண்டு துண்டாகக் கையில் வந்தது. அதுதான் அளவு.

"இம்புட்டு ஒல்லியாட்டி நீ?" என்றாள் ருக்சானா.

"பேச்சக் கொறச்சிட்டு வெட்டு."

ஷீட்டை ஹீட் கன்னால் சூடாக்கினால் கொஞ்ச நேரம் அப்பளம் மாதிரி குழையும். அதற்குள் எதன்மேலாவது அழுத்தி வளைத்துவிட வேண்டும். முழங்கால் மூடிகளைக் குக்கர் மூடியில் வளைத்தார்கள். தோள்பட்டை இரண்டையும் வடைச் சட்டியில் கவிழ்த்து எடுத்தார்கள். மாரிசெல்வியின் அம்மா கோமதியம்மாள் இந்த விஷயத்தில் வாயைத் திறப்பதில்லை என்று மகளுக்குச் சத்தியம் செய்திருந்தாள். சட்டியைப் பார்த்த அன்று மட்டும் மாடி ஏணிக்குக் கீழே நின்று கத்தினாள்.

"ஏட்டி, சட்டி பூரா ரப்பர் வாடை அடிக்கி. இனிமே இதுல சுட்ட வடைய எவன் திம்பான்?"

போட்டுப் பார்க்கிற படலம் அதைவிடப் பெரிய கூத்து. முதல் தடவை கை தூக்க முடியவில்லை, அக்குளில் வெட்டினார்கள். இரண்டாம் தடவை கை தூக்கினாள், கழுத்து திரும்பவில்லை. கழுத்தைச் சரிசெய்தால் இடுப்பு நழுவியது. கடைசியில் நிற்கலாம், நடக்கலாம், ஒரு கையை உயர்த்தித் தண்ணீர்த் திருடனை எச்சரிக்கலாம் என்ற அளவுக்கு வந்தது. உட்கார மட்டும் வழியில்லை. காவலாளி எதற்கு உட்கார வேண்டும் என்று அதை விட்டுவிட்டார்கள். ஆட்டோவுக்குப் பூசுகிற வெள்ளி பெயிண்ட் அடித்து, நெஞ்சில் ஒரு நீல விளக்கும் வைத்தபோது, மாரிசெல்வி கண்ணாடி முன்னாலிருந்து நகரவே இல்லை. அப்படி ஒரு சந்தோஷம் அவளுக்கு டியூஷன் ஆரம்பித்தபோதுகூட வந்ததில்லை.

ஒரு பயம் மட்டும் இருந்தது. சந்துக்குத் தெரியக்கூடாது. 'மிஸ் ரோபோ வேஷம் போடுதா' என்று ஒரு பிள்ளைக்குத் தெரிந்தால் போதும், அந்த குட் மார்னிங் அன்றோடு முடிந்தது. நாளைக்கு எவனைப் பார்த்து அதட்டுவது? ஆகவே திட்டம் இதுதான்: கவசத்தைத் தனித்தனியாகக் கழற்றி, ஏணி ஏறி முடிகிற இடத்தில் இருக்கும் சதுர ஓட்டை வழியாகக் கீழே இறக்கி, கோணிப்பையில் கட்டி எடுத்துப் போவது. அரங்கத்தில் போய் மாட்டிக்கொள்வது. பிள்ளைகளிடம் டோம்பிவிலியில் ஒரு கல்யாணம் என்று சொல்லி ஞாயிற்றுக்கிழமை டியூஷனுக்கு லீவும் விட்டாயிற்று. மார்பும் முதுகும் தோளும் சேர்ந்த பெரிய துண்டுதான் அந்த ஓட்டையில் இடிக்கும். அதையும் காலியாக இருக்கும்போது சாய்த்துத் திருப்பி இறக்கிப் பார்த்திருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கடைசியாக ஒரு தடவை போட்டுப் பார்த்துவிடலாம் என்று ருக்சானாதான் சொன்னாள். போட்டார்கள். மாட்டவும் கழற்றவும் முதுகில் வைத்திருந்த ஜிப்பின் ஓரம் ஒரு விரல் நீளத்துக்குப் பிரிந்திருந்தது.

"இது ஒரு வேலையா? அசையாம நில்லு," என்றாள் ருக்சானா.

பை பட்டறையில் ஒரு பழக்கம் உண்டு. ஜிப்பை ஒட்டுமுன் முழுக்க மூடிவிடுவார்கள். மூடினால்தான் இரண்டு ஓரமும் கோணாமல் நேராக நிற்கும். அப்புறம் சொல்யூஷனைத் தாராளமாகத் தடவி, கட்டையால் நாலு தட்டுத் தட்டுவார்கள். ருக்சானா ஆயிரக்கணக்கான பைகளுக்குச் செய்ததை அப்படியே செய்தாள். மூடினாள், தடவினாள், தட்டினாள். பைக்குள் ஆள் இருப்பதில்லை என்பது அவளுக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை.

சொல்யூஷன் ஜிப்பின் பல்லுக்குள் இறங்கிக் காய்ந்துவிட்டது.

இழுத்தாள், எண்ணெய் விட்டாள், இடுக்கியால் பிடித்து ஆட்டினாள். ஜிப் அசைவேனா என்றது. தின்னர் ஊற்றினால் ஜிப்பும் கழலும், பெயிண்டும் ஃபோமும் சேர்ந்து கரையும். மாரிசெல்வி ஓட்டையில் காலை விட்டுப் பார்த்தாள். நெஞ்சு வரை போனது. தோள்பட்டைகள் தரையில் உட்கார்ந்துகொண்டன. காலியான கவசத்தைச் சாய்த்துத் திருப்பலாம், உள்ளே இருக்கிற பெண்ணை எப்படித் திருப்புவது?

"வெட்டிருவோமா?" ருக்சானாவின் குரல் அழுகைக்குப் பக்கத்தில் இருந்தது. "எம் புத்தியச் செருப்பால அடிக்கணும்."

வெட்டினால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. மிஸ் மிஸ்ஸாகவே இருக்கலாம். இத்தனை நாள் வேலை, அந்த மேடை, எல்லாம் குப்பைக்கூடையில். மதியத்துக்குள் அரங்கத்தில் இருக்க வேண்டும். மாரிசெல்வி சுற்றிலும் பார்த்தாள். மூலையில் இரும்பு பீரோ நின்றது. அந்த பீரோவும் ஓட்டை வழியாக வந்ததில்லை.

"சுடலை அண்ணாச்சியக் கூப்பிடு," என்றாள்.

சுடலைக்கண்ணனுக்குத் தொழிலே அதுதான். தாராவியில் மாடி அறைக்கு பீரோ, ஃப்ரிட்ஜ், கட்டில் எதுவானாலும் வெளியே ஜன்னல் வழியாகக் கயிற்றில்தான் ஏறும், இறங்கும். அதற்காகவே ஜன்னல் கம்பியைக் கழற்றுகிற மாதிரி வைத்து, மேலே உத்தரத்தில் ஒரு கொக்கியும் மாட்டியிருப்பார்கள். சுடலைக்கண்ணன் மேலே வந்தார். வெள்ளிக் கவசத்தில் நின்ற மாரிசெல்வியை உச்சி முதல் பாதம் வரை பார்த்தார். அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை. தோளகலத்தைக் கையால் சாணளந்தார்.

"ஃப்ரிட்ஜவிட லேசுதான். ஒடையுத சாமானா இது?"

"நாந்தான் அண்ணாச்சி. உள்ள இருக்கது செல்வி."

"அது தெரியுது தாயி. ஒடையுமான்னு கேட்டேன்."

பெயிண்டர்கள் தொங்குகிற பலகையைக் கொண்டுவரச் சொன்னார். அதன்மேல் அவளை நிற்கவைத்து, இடுப்பிலும் நெஞ்சிலும் கவசத்துக்குத் துணி சுற்றிக் கட்டினார். ருக்சானா முகத்தை மறைக்கிற ஹெல்மெட்டை மாட்டிவிட்டாள். யார் கேட்டாலும் பட்டறைக்கு வந்த ஷோரூம் பொம்மை என்று சொல்வதாக முடிவாயிற்று. மாரிசெல்வியின் வேலை அசையாமல் இருப்பது மட்டும்தான்.

"மூச்சக்கூட மெதுவா விடு," என்றாள் ருக்சானா.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பீரோ இறங்கினாலே சந்து கூடும். இது நெஞ்சில் நீல விளக்கு எரிகிற பொம்மை. பலகை ஜன்னலை விட்டு வெளியே வந்ததுமே கீழே டியூஷன் பிள்ளைகள் அத்தனை பேரும் ஆஜர். மிஸ் டோம்பிவிலிக்குப் போய்விட்ட தைரியத்தில் ஆளாளுக்குக் கத்தினார்கள். பொம்மைக்குள் மோட்டார் இருக்கிறது என்றான் ஒருவன். இன்னொருவன் அது சைனாவில் செய்தது என்று அடித்துச் சொன்னான். ஹெல்மெட்டுக்குள் மாரிசெல்விக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் பொம்மையாகவே தொங்கினாள்.

பாதி வழியில் கயிறு கொக்கியில் சிக்கிப் பலகை நின்றது. "இருங்க, இருங்க," என்று சுடலைக்கண்ணன் ஜன்னலில் நின்று கயிற்றை உலுக்கினார். பலகை ஒரு பக்கம் சரிந்தது. அந்த நேரம் பார்த்து வந்தனா, நாலாம் வகுப்பு, சந்திலேயே அடங்காத பிள்ளை, பொம்மையின் பாதத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று நேராகப் பலகைக்கு அடியில் ஓடி வந்து நின்றாள்.

ஏற்றுகிற சாமானுக்குக் கீழே நிற்கக் கூடாது என்று இந்தச் சந்தில் கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். சுடலைக்கண்ணன் மேலே கொக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ருக்சானா ஜன்னலுக்கு உள்ளே இருந்தாள். வந்தனாவைப் பார்த்தது பொம்மை ஒன்றுதான்.

"வந்தனா! தொங்குத சாமானுக்குக் கீழ நிக்காதன்னு எத்தன தடவ சொல்லிருக்கேன்? தள்ளிப் போ!"

அந்தக் குரல் சந்தில் யாருக்குத் தெரியாது? வந்தனா ஒரே தாவலில் பின்னால் போனாள். சத்தமெல்லாம் நின்றது. எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த அம்மாக்கள்கூட வாயை மூடிக்கொண்டார்கள். மாரிசெல்விக்குக் காது சுட்டது. ஹெல்மெட் இருந்து என்ன பிரயோஜனம், வாய் கெடுத்துவிட்டதே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அப்புறம் படியில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்தார்கள். கைகளைப் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு, வரிசையாக நின்று, அந்தரத்தில் தொங்குகிற கவசத்தைப் பார்த்து ஒரே குரலில் சொன்னார்கள்.

"குட் மார்னிங் மிஸ்."

மாரிசெல்விக்கு முதலில் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது. வழக்கமாகத் தலையை அசைத்து ஏற்றுக்கொள்வாள். இன்றைக்கு ஹெல்மெட்டோடு கழுத்து அசையாது. ஆகவே செவ்வாய் கிரகத்துக் காவலாளி மாதிரி வலது கையை உயர்த்தினாள். சந்து கூரை பறக்கிற மாதிரி கத்தியது.

கயிறு விடுபட்டுப் பலகை தரையைத் தொட்டதும் ஹெல்மெட்டைக் கழற்றினாள். வேர்த்து விறுவிறுத்துப் போயிருந்தாள். வந்தனாவின் அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். இவள்தான் முதலில் பிள்ளையை டியூஷனை விட்டு நிறுத்தப் போகிறாள் என்று மாரிசெல்விக்குத் தோன்றியது.

வந்தனாவின் அம்மா தோள்பட்டையைத் தடவிப் பார்த்தாள். "மிஸ், இது எங்க வாங்குனிய?"

"வாங்கலக்கா. நாங்க செஞ்சது. நானும் ருக்சானாவும்."

இதைச் சொல்ல அவள் எத்தனை நாளாகக் காத்திருந்தாள் என்பது சொன்ன பிறகுதான் அவளுக்கே தெரிந்தது.

"அதான பாத்தேன். மேல ஹீட் கன் சத்தம் கேக்கும்போதெல்லாம் ஏதோ நடக்குதுன்னு நெனச்சேன்," என்றாள் வந்தனாவின் அம்மா. "சரி, எப்பிடிப் போவிய? இத வச்சிட்டு டாக்ஸில உக்கார முடியாதே."

பை பட்டறையின் டெம்போதான் கடைசியில் கைகொடுத்தது. பின்னால் நின்றுகொண்டே போனாள், விழாமல் பிடித்துக்கொள்ள ஒரு பக்கம் ருக்சானா, இன்னொரு பக்கம் சுடலைக்கண்ணன். மாஹிம் சிக்னலில் ஒரு பஸ் முழுக்க அவளுக்குக் கையசைத்தது. மேடையில் நடந்தாள். கூட்டம் நன்றாகவே கைதட்டியது. பரிசு, சிறகு விரிக்கிற ஒரு எந்திரக் கழுகுக்குப் போனது. அந்தக் கழுகு அவ்வளவு ஒன்றும் பிரமாதமில்லை என்று ருக்சானா டெம்போவில் திரும்பி வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். மாரிசெல்வி மறுக்கவில்லை. பிறகு வீட்டு வாசலிலேயே வைத்து முதுகை வெட்டி அவளை வெளியே எடுத்தார்கள். கோமதியம்மாள் புதுச் சட்டியில் வடை சுட்டு வைத்திருந்தாள்.

மறுநாள் டியூஷனில் ஒரு பிள்ளைகூட லீவில்லை. எல்லாரும் வழக்கத்தைவிட அமைதியாக இருந்தார்கள். மாரிசெல்வி வந்தனாவின் கணக்கு நோட்டைத் திறந்தாள். வகுத்தல் கணக்குக்குப் பக்கத்தில், ஓரம் முழுக்க, பெரிதாக ஒரு ரோபோ. நெஞ்சில் நீல பென்சிலில் ஒரு விளக்கு. முதுகில் நீளமாக ஒரு ஜிப்பும் போட்டிருந்தாள்.

மாரிசெல்வி சிவப்புப் பேனாவை எடுத்தாள். ரோபோவைச் சுற்றி வட்டம் போடவில்லை. ஜிப்பிலிருந்து ஒரு அம்புக்குறி இழுத்து, பக்கத்தில் எழுதினாள்: "ஜிப்பை முன்பக்கம் வை."

அப்புறம் கணக்கைப் பார்த்தாள். அது தப்பு. மறுபடி போட்டு வரச் சொல்லி நோட்டைத் திருப்பிக் கொடுத்தாள்.