மேனேஜரின் கடைக்குட்டி

காலையில் எழுந்ததும் பால் பாக்கெட்டின் மூலையை வெட்டிப் பாத்திரத்தில் ஊற்றுவேன். அடுப்பைச் சிறியதாக வைத்துவிட்டுப் பல் தேய்ப்பேன். பிறகு படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு பீரோவின் மேலிருந்து சூட்கேஸை இறக்குவேன். அதில் ஒரு கவர், அதற்குள் ஒரு கவர், அதற்குள் இன்னொன்று. கடைசிக் கவரில் ஒரு நீலச் சட்டை. என் பழைய சட்டைதான். முயல்களுக்குத் தீனி வைக்கும்போது என் மனைவி அதைத்தான் போட்டுக்கொள்வாள். முகத்தில் வைத்து ஒரு முறை மூச்சை இழுப்பேன். முடிச்சுகளைப் போட்டு, சூட்கேஸை ஏற்றிவிட்டு வருவதற்குள் பால் பெரும்பாலும் பொங்கி வழிந்திருக்கும்.

காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பவில்லை. எனக்குச் சமைத்துப் போட மாமியார் வந்து சேர்ந்தார். வந்த அன்றே மகளின் துணிகள் அத்தனையையும் துவைத்து மடித்து அடுக்கிவிட்டார். துக்கம் வந்தால் அத்தைக்குத் துவைக்கத் தோன்றும். நீலச் சட்டை மட்டும் தப்பியது.

யாராவது விசாரிக்க வந்தால், அவள் கடைசியாகச் சொன்னது என்ன என்று அத்தை சொல்வார். ஒருவரிடம், "அம்மாவைப் பார்த்துக்கோங்கன்னா." இன்னொருவரிடம், "எல்லாரும் ஒத்துமையா இருங்கன்னா." உண்மையில் அந்த நேரம் அத்தை டீ வாங்கக் கீழே போயிருந்தார். அறையில் இருந்தது நான் மட்டும்தான். என்னிடம் யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

பால்கனிக் கூண்டில் இரண்டு முயல்கள். தன் ஆபீஸ் ஆட்களை வைத்து ஒன்றுக்கு மேனேஜர், மற்றதற்கு அசிஸ்டென்ட் என்று அவள்தான் பெயரிட்டாள். எனக்கும் ஒரு பெயர் வைத்திருந்தாள், கண்ணாடி. கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பது என் வேலை. முயல் இரண்டும் ஆண் என்று விற்றவர் சொன்னார். நானும் டார்ச் அடித்துப் பார்த்து, ஆண்தான் என்று உறுதி செய்தேன்.

இந்த வாரத் தொடக்கத்தில் மேனேஜர் ஆறு குட்டிகள் போட்டார்.

"ஆம்பளன்னு சொன்னீங்களே மாப்பிள்ளை."

"அப்படித்தான் தெரிஞ்சுது அத்தை."

"உங்க கடையில கண்ணாடி மாத்தலாம்னு இருந்தேன். வேற கடை பார்த்துக்கறேன்."

அன்றே அசிஸ்டென்ட்டைக் குளியலறைக்கு இடமாற்றம் செய்தோம்.

ஐந்து குட்டிகள் கொழுகொழுவென்று இருந்தன. ஆறாவது மற்றவற்றில் பாதிகூட இல்லை. எப்போது பார்த்தாலும், கூண்டுக்குள் மேனேஜர் அமைத்த புல் கூட்டுக்கு வெளியே கிடக்கும். அத்தை எடுத்து உள்ளே வைப்பார். மேனேஜர் பின்னங்காலால் ஒரு தள்ளு தள்ளுவார். அத்தை பஞ்சில் பால் நனைத்துக் கொடுத்துப் பார்த்தார். பாதி அதன் காதுக்குள் போனது.

"ஏண்டி, அஞ்சைச் சுமக்கிறவளுக்கு ஆறாவதுதான் பாரமா?" என்று கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்து கேட்டார். மேனேஜர் புல்லை மென்றபடி அத்தையைப் பார்த்தார். மனுவை வாங்கி மேஜை ஓரத்தில் வைக்கிற முகம்.

இன்று காலை நான் சூட்கேஸை ஏற்றிவிட்டு வந்தபோது, பால்கனியில் பவுடர் வாசனை. அத்தையின் கையில் துண்டு, துண்டுக்குள் கடைக்குட்டி.

"அழுக்கா இருக்குன்னுதான் சேர்க்க மாட்டேங்கிறா. குளிப்பாட்டிட்டேன்."

கூட்டில் வைத்தார். மேனேஜர் மோந்து பார்த்தார். ஒரு தும்மல் போட்டார். இந்த முறை தள்ளவில்லை, உதைத்தார். குட்டி கூண்டின் மறுகோடியில் போய் விழுந்தது.

எடுத்துப் பார்த்தேன். வயிறு முதுகோடு ஒட்டிக் கிடந்தது. அத்தை அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"இதுவும் போச்சுன்னா நான் இங்க இருக்க மாட்டேன் மாப்பிள்ளை. பக்கத்துலயே உக்காந்து இன்னொன்னு போறதைப் பார்க்க என்னால முடியாது."

அவர் அழவில்லை. துவைக்க ஏதாவது கிடக்கிறதா என்று கண் மட்டும் கொடிப் பக்கம் போனது.

மிருக டாக்டருக்குப் போன் போட்டு, அத்தைக்கும் கேட்கும்படி வைத்தேன். நடந்ததைச் சொன்னேன்.

"குளிப்பாட்டினீங்களா?" என்றார் டாக்டரம்மா.

"வெந்நீர்லதான்," என்றார் அத்தை.

"பவுடரும் போட்டீங்களா?"

"கொஞ்சூண்டு."

"தலை சீவி விடலையா?"

"முடியே இன்னும் வரலையே டாக்டர்."

"அம்மா, முயல் ஒரு நாளைக்கு ஒண்ணு ரெண்டு தடவைதான் பால் குடுக்கும். குடுத்துட்டு எழுந்து போயிட்டே இருக்கும்."

"குடுத்து வெச்சவ," என்றார் அத்தை.

"இப்ப அந்தக் குட்டி மேல உங்க பவுடர் வாசனைதான். தாய்க்கு நல்லாப் பழகின ஆளோட துணி, துவைக்காதது ஒண்ணு எடுங்க. எல்லாக் குட்டியையும் அதுல துடைச்சு, துணியையும் கூட்டுலயே போட்டுடுங்க. எல்லாம் ஒரே வாசனையாயிட்டா சில சமயம் சேர்த்துக்கும். நிச்சயம்னு சொல்ல மாட்டேன்."

"திரும்ப எடுத்துக்கலாமா?" என்று கேட்டேன்.

"எதை?"

"துணியை."

"அது கிழிச்சு மெத்தை போட்டுடும் சார். எடுத்து என்ன பண்ணப் போறீங்க?"

போனை வைத்தேன். பழகின ஆள் என்றால் அவள்தான். எங்கள் இருவரையும் மேனேஜர் கடித்திருக்கிறார்.

"துவைக்காத துணி ஏது அத்தை? எல்லாத்தையும்தான் நீங்க..."

அத்தை என்னைப் பார்க்காமல் குட்டியின் காதைத் துடைத்தார்.

"சூட்கேஸ்ல மூணாவது கவர்ல இருக்கே."

நான் படுக்கையறைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"நீங்க கடைக்குப் போனப்புறம் நானும் எடுப்பேன். ஏன்தான் அப்படி முடிச்சுப் போடுறீங்களோ மாப்பிள்ளை. பல்லால அவிழ்க்க வேண்டியிருக்கு."

சூட்கேஸை இறக்கினேன். முடிச்சுகள் இன்று சீக்கிரம் அவிழ்ந்தன. கதவைச் சாத்தவில்லை. ஒரு முறை முகத்தில் வைத்துவிட்டு அத்தையிடம் கொடுத்தேன். அவரும் வைத்தார். என்னைவிடக் கொஞ்சம் அதிக நேரம்.

ஆறையும் துடைத்தோம். கடைக்குட்டியை இரண்டு தடவை. சட்டையைச் சுருட்டிக் கூட்டில் வைத்து, அதன் மேல் எல்லாவற்றையும் கலந்து போட்டோம்.

மேனேஜர் வந்தார். காலரில் மூக்கை நுழைத்தவர் வெகு நேரம் எடுக்கவே இல்லை. பிறகு கூட்டில் ஏறிக் குட்டிகளின் மேல் நின்றார். கீழே ஒரே தள்ளுமுள்ளு. கடைக்குட்டி இரண்டு அண்ணன்களின் தலையை மிதித்து ஏறி வாய் வைத்தது. மேனேஜரின் பின்னங்கால் அசைந்தது. அத்தை என் மணிக்கட்டைப் பிடித்தார். கால் வெறுமனே இடம் மாறியது.

பால் கொடுத்து முடித்ததும் மேனேஜர் சட்டையைக் கிழிக்க ஆரம்பித்தார். முதலில் பாக்கெட்டை.

அத்தை கையை எடுக்கவில்லை.

"மாப்பிள்ளை, வர்றவங்ககிட்ட நான் சொல்றதெல்லாம் நானா சொல்றதுதான்."

"தெரியும் அத்தை."

"நிஜமா என்ன சொன்னா?"

கடைக்குட்டியின் வயிறு சிறு கோலிக்குண்டு போல உருண்டிருந்தது. குளியலறையில் அசிஸ்டென்ட் வாளியை உருட்டும் சத்தம் கேட்டது. நர்ஸ் ஊசி போட்டுவிட்டுப் போன பிறகு, கண்ணைத் திறக்காமலேதான் அவள் சொன்னாள். அப்படியே சொன்னேன்.

"கண்ணாடி, அதுங்க ரெண்டும் ஆம்பளன்னு நீ சொன்னதை நான் நம்பவே இல்ல. எதுக்கும் தனித்தனியா போட்டு வை."