சனிக்கிழமை விலை

1

இந்தக் கதை ஒரு குற்ற உணர்ச்சியில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2007இல் உத்திரமேரூர் பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த மளிகைக் கடையில் மின்னணு விலைச்சீட்டுகளை மாட்டியவன் நான்தான். சென்னையில் ஒரு சின்ன கம்பெனியில் இருந்தேன். கம்ப்யூட்டரில் மாற்றினால் அலமாரியில் விலை மாறும் சின்னத் திரைகள் அவை. வெளிநாட்டிலிருந்து மாதிரிக்கு வந்த நாற்பது சீட்டுகளை ஏதாவது கடையில் மாட்டிப் பார்க்கச் சொன்னார்கள். கடைக்காரர் பாண்டுரங்கன், இலவசம் என்றதும் சம்மதித்தார்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘ஸ்கெட்ச் பேனாவால் எழுதிய விலை அட்டைகளின் மேல் மாலை வெயில் மெல்ல’

(அடித்துவிட்டேன். அந்தக் கடைக்குள் வெயில் வந்ததே இல்லை. அந்த நாட்களின் மேல் எனக்கு ஏக்கம் உண்டு. அதற்காக இல்லாத வெயிலை உள்ளே விட முடியாது.)

2

செவ்வந்தியிலிருந்து தொடங்குவதுதான் சரி.

அவளுக்கு அப்போது இருபத்து நான்கு வயது. பிளஸ் டூ முடித்தவள். திருப்புலிவனம் காலனியிலிருந்து சைக்கிளில் வருவாள். பருப்பு, புளி, மிளகாயை எடைபோட்டுக் கவரில் கட்டுவாள். திங்கட்கிழமைதோறும் அட்டைகளில் விலை எழுதி அலமாரியில் செருகுவாள். அவள் எழுதும் ஒன்பதுக்கு வால் நீண்டு வளைந்திருக்கும்.* திங்கட்கிழமை எழுதிய விலை அடுத்த திங்கள்வரை நிற்கும். பாண்டுரங்கனின் தயவால் அல்ல. எல்லாவற்றையும் திருப்பி எழுத அரை நாள் பிடிக்கும் என்பதால்.

* அந்த அட்டைகளில் ஒன்றையாவது நான் எடுத்து வைத்திருக்கலாம். மூட்டையாகக் கட்டிக் குப்பையில் போட்டதும் நானே.

நான் வேலை செய்த இரண்டு நாளும் அவள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. வேலை போய்விடும் என்று பயந்திருக்கிறாள். அது பிற்பாடுதான் எனக்குத் தெரிந்தது. பாண்டுரங்கனுக்கு மவுஸ் பிடிபடவில்லை. அதனால் மூன்றாம் நாள், கம்ப்யூட்டரில் விலை மாற்ற அவளுக்குத்தான் கற்றுக்கொடுத்தேன். அவள் துவரம் பருப்பை ஒரு ரூபாய் ஏற்றினாள். ஓடிப்போய் அலமாரியைப் பார்த்தாள். திரும்பி வந்து இறக்கினாள். பிறகு சிரித்தாள். எதிர்க்கடையிலிருந்து மூன்று பேருக்கும் டீ வந்தது. என் வேலை வாழ்க்கையில் அவ்வளவு நிறைவான சாயங்காலம் இன்னொன்று

(போதும். கதை என்னைப் பற்றியது அல்ல.)

3

ஊரில் அந்தச் சீட்டுகளுக்குக் ‘கால்குலேட்டரு’ என்று பெயர் வைத்தார்கள். இரண்டு மாதம் போனது. விலை மாற்ற அரை நாள் தேவையில்லை, அரை நிமிடம் போதும் என்பது பாண்டுரங்கனுக்கு மெல்ல உறைத்தது. சனிக்கிழமை சாயங்காலம்தான் நடவுக்குப் போகிறவர்களுக்கு வாரக்கூலி கொடுப்பார்கள். கூலி வாங்கியவர்கள் நேராகக் கடைக்கு வருவார்கள். அஞ்சு மணிக்கு மேல் கவருக்கு மூன்று ரூபாய் ஏற்றிவிட்டு, திங்கட்கிழமை காலையில் இறக்கிவிடு என்று செவ்வந்தியிடம் சொன்னார். யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று அவள் கேட்டாள். மெஷின் காட்டுகிறது என்று சொல்லச் சொன்னார்.

நான்கு சனிக்கிழமை ஏற்றினாள். ஐந்தாவது சனிக்கிழமை நடவுக் கூட்டத்தோடு அவளுடைய அம்மா மார்த்தாளும் கடைக்கு வந்தார்.

(பாண்டுரங்கனுக்கு ‘அவர்’ போட்ட என் கை மார்த்தாளுக்கு ‘அவள்’ போட்டிருந்தது. இரண்டாம் பிரதியில்தான் கண்ணில் பட்டது. திருத்திவிட்டேன்.)

மார்த்தாளுக்கு எழுத்து தெரியாது, எண் தெரியும். காலில் சேறு காய்ந்திருந்தது. 38 என்று பார்த்து இரண்டு கவர் பருப்பை எடுத்தார். கல்லாவுக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்த செவ்வந்தி, அம்மாவைப் பார்த்தாள். பாண்டுரங்கன் கடிகாரத்தைப் பார்த்தார். அவள் பொத்தானை அமுக்கினாள்.

மார்த்தாளின் கண்ணெதிரே எட்டு மறைந்தது. மூன்றும் மறைந்தது. 41 வந்து நின்றது.

“இன்னாடி இது, நான் பாக்கசொல்லவே மாறுது?”

“மெஷினு மாத்துதும்மா.”

“இன்னிக்குக் கூலி நாளுன்னு மெஷினுக்கு எப்டித் தெரியும்?”

மார்த்தாள் ஒரு கவரைத் திரும்ப அலமாரியில் வைத்தார். இன்னொன்றுக்கு மட்டும் காசு கொடுத்துவிட்டுப் போனார்.

4

இதற்குமேல் மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் செவ்வந்தி அன்றைக்கே வேலையை விட்டாள். இன்னொன்றில் பாண்டுரங்கன் மனம் மாறினார். (அதைக் கிழித்தபோது எனக்கே சிரிப்பு வந்தது.) மூன்றாவதுதான் நடந்தது.

அடுத்த சனிக்கிழமை, சாப்பாட்டு நேரத்தில் அவள் சைக்கிளை மிதித்து வயலுக்குப் போனாள். அஞ்சு மணிக்கு முன்னால் யாரையாவது கடைக்கு அனுப்பிவிடுங்கள் என்று மட்டும் சொன்னாள். காரணம் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. அன்றிலிருந்து சனிக்கிழமைகளில் ஒரு பெண், கூலி வரும்வரை கைமாற்றாகப் புரட்டிய காசோடு நாலு மணிக்கே வந்து, பதினோரு வீட்டுக்கும் சேர்த்து வாங்கிப் போனாள்.

மூன்றாம் வாரம் பாண்டுரங்கனுக்குப் புரிந்துவிட்டது. திட்டவில்லை, கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டார்.

“நீ யாருக்கிட்ட சம்பளம் வாங்கற?”

“உங்ககிட்டதான் மொதலாளி. ஆனா சாய்ந்தரம் அந்தத் தெருவுக்குத்தான போவணும் நானு.”

திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்றார். அவள் காஞ்சிபுரத்தில் ஒரு ஜவுளிக் கடையில் சேர்ந்தாள். மழைக்காலத்துக்குள் சீட்டுகளின் பேட்டரி ஒவ்வொன்றாகத் தீர்ந்தது. கம்பெனி புதிது அனுப்பவில்லை. நான் கழற்றி எடுக்கப் போனபோதுதான் இதெல்லாம் எதிர் டீக்கடையில் கேள்விப்பட்டேன். அலமாரியில் மறுபடி அட்டைகள் இருந்தன, வேறு யாரோ எழுதியவை. அந்தக் கையெழுத்தை எனக்குப் பிடிக்கவில்லை.

5

போன மாதம் செவ்வந்தியைத் தேடிப் பிடித்து, இந்தக் கதையைப் போனில் படித்துக் காட்டினேன். அந்தப் பிரதியில் அவள் பொத்தானை அமுக்கவில்லை. விரல் அப்படியே நின்றுவிடும். அழகாகவே எழுதியிருந்தேன்.

முழுக்கக் கேட்டாள்.

“நல்லாத்தான் சார் கீது. ஆனா நான் அமுக்கினேன். அம்மா எதுர்ல அமுக்கினது அஞ்சாவது வாட்டி. அத்த எடுத்துடாதீங்க.”

எடுக்கவில்லை; மேலே இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்.

அமுக்கியது அவள் என்று மார்த்தாளுக்கு அன்றைக்குத் தெரியுமா என்று கேட்டேன். இத்தனை வருடத்தில் தான் கேட்டதே இல்லை என்றாள். என்னையும் கேட்க வேண்டாம் என்றாள்.

மார்த்தாள் திருப்புலிவனத்தில்தான் இருக்கிறார். உத்திரமேரூரில் பஸ் மாறினால் பத்து நிமிடம். நான் போகப் போவதில்லை. ஒரு கவரைத் திரும்ப வைத்தபோது அவர் முகம் எப்படி இருந்தது என்று எழுத, இந்த இடத்தில் இரண்டு வரி விட்டிருக்கிறேன். உங்களுக்குத் தெரிந்தால் நிரப்பிக்கொள்ளுங்கள். செவ்வந்தியிடம் மட்டும் காட்டாதீர்கள்.